பிள்ளையார் விட்டுக்கொடுத்த குலை

என் முதல் நன்மை இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் ஓடினோம். இரண்டாம் தடவை பூசை வைக்கிற சுவாமியார் ஓடவேண்டி வந்தது. மூன்றாம் தடவை எல்லோரும் ஓடி முடித்து ஸ்கந்தபுரத்தில் ஒரே இடத்தில் இருந்தோம். அப்போது பார்த்தால் இரசம் இல்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நன்மை என்பது சின்னக் கலியாணம் மாதிரி. பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை, தலைக்கு நெட், கையில் மெழுகுதிரி என்று ஒரு பெரிய எடுப்பு இருக்கும். அந்த எடுப்பெல்லாம் எப்படியோ சரிக்கட்டலாம். பூசை நடக்க அப்பமும் முந்திரிகை இரசமும் இருந்தே ஆகவேண்டும். திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றுதான் சொல்வோம். அப்பத்தைக் கன்னியாஸ்திரிகள் கோதுமை மாவில் சுட்டுத் தந்துவிடுவார்கள். இரசம் மட்டும் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்தக் காலத்தில் வன்னிக்குள் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எதுவுமே ஒழுங்காக வருவதில்லை. பொருளாதாரத் தடை. போத்தலில் வருகிற எதையும் சோதனைச் சாவடியில் மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சுவாமியார் கையிருப்பைத் தேக்கரண்டியால் அளந்து அளந்து பாவித்துக்கொண்டு வந்தார். எங்கள் முதல் நன்மைக்கு முந்திய கிழமையில் அதுவும் முடிந்துபோனது.

இரசம் இல்லையென்றால் பூசை இல்லை, பூசை இல்லையென்றால் முதல் நன்மை இல்லை. ஒன்பது வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஞானோபதேச வகுப்பிலிருந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

வீடு என்றால் கொட்டில். நாங்கள் முல்லைத்தீவுக் கரைக்காரர். அப்பா கடலை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வள்ளத்தோடு கரையிலேயே நின்றுவிட்டார்; எப்போதாவது கருவாட்டு மூட்டையோடு சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அம்மாவும் நானும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் வயல் செய்கிற ஒரு கமக்காரக் குடும்பத்தின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். வளவுக்காரி யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். எந்த உறவும் இல்லாவிட்டாலும் நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். அம்மா அக்கா என்பார். மாமி சுத்த சைவம். நாங்கள் கருவாடு சுடுகிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். ஆனால் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. இருக்க இடம் தந்தவர் மணத்துக்கும் இடம் தந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

மாமியின் கிணற்றடியில் ஒரு முந்திரிகைப் பந்தல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தடி கொண்டுவந்து நட்ட கொடி. கருநீலப் பழம், தடித்த தோல், நிறைய விதை. ஒன்றை வாயில் போட்டால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். அது மாசி மாதம். குலைகள் கறுத்துத் தொங்கின.

என் அழுகையின் காரணத்தைக் கேட்ட மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முந்திரிகைச் சாறுதானே வேணும்? அந்தா தொங்குது. சுவாமியிட்ட ஒரு சொல்லு கேட்டுப்போட்டு வாங்கோ," என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா போய்க் கேட்டார். வழக்கத்தில் புளித்துத் தெளிந்த இரசம்தான் வேண்டுமாம்; ஆனால் இப்படியான காலத்தில் புதிதாகப் பிழிந்த சாறும் செல்லும் என்றார் சுவாமியார். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று மட்டும் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். சீனியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்களெல்லாம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்த காலம் அது. சீனி யாரிடம் இருக்கப்போகிறது?

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அம்மாவுக்குத் தெரிந்த வழி உரல். போட்டு இடித்தால் சாறு வந்துவிடும் என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுக்குள்ளதானே பிள்ளை நேற்று மிளகாய் இடிச்சனாங்கள். உங்கட சுவாமி பூசையை நிப்பாட்டிப்போட்டுத் தும்மிக்கொண்டு நிப்பார்."

அம்மியும் சரிவராது, விதை நசிந்தால் கசக்கும் என்றார். ஆகக் கடைசியில் கைதான் மிச்சம். அதிலும் அம்மா தன் கையை மணந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். எலுமிச்சங்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் கருவாட்டு மணம் போகவில்லை. "என்ர கை வேண்டாம், அக்கா. நீங்களே செய்யுங்கோ."

மாமி அதற்கு ஏற்கெனவே ஆயத்தமாகத்தான் இருந்தார். தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து, ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். சில முருகன் கோயில்களில் பூசகர் இப்படி வாய்கட்டித்தான் பூசை செய்வார். சாமிக்குப் போகிற பொருளில் மனிதரின் மூச்சுப் படக்கூடாது. எங்கள் பூசைக்கும் மாமி அந்தச் சட்டத்தையே போட்டுக்கொண்டார். எங்கள் கோயிலில் இப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்ல அம்மா வாயெடுத்தார். ஆனால் வாயைக் கட்டியிருப்பவரோடு எப்படி வாதாடுவது?

அதன் பிறகு எல்லாம் கண்ணாலும் புருவத்தாலும்தான். மாமி புருவத்தை உயர்த்தினால் அம்மா சுளகைக் கொண்டுவருவார். மாமி தலையை ஆட்டுவார். அம்மா சட்டியைக் கொண்டுவருவார். மாமி கண்ணை மூடிப் பொறுமையை வரவழைத்துக்கொள்வார். ஒருவழியாகப் பழங்களைக் காம்பிலிருந்து உருவி, கழுவி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் சுளகில் பரப்பி உலரவிட்டார்கள். பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய புதுச் சட்டியில் போட்டு மாமி இரண்டு கையாலும் பிசையத் தொடங்கினார். விரலிடுக்கால் தோல் பிதுங்கியது, விதை வழுக்கியது, முழங்கை வரைக்கும் நாவல் நிறம் ஏறியது. தோலின் சாயம் இறங்கட்டும் என்று சட்டியை மூடிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பிறகு பழைய வேட்டித் துண்டில் கொட்டி முடிந்தார். ஒரு முனையை மாமி பிடிக்க, மறு முனையை அம்மா பிடித்து, ஈரச் சேலை பிழிவது மாதிரி ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். சாறு கலங்கலாக, நுரைத்துக்கொண்டு செம்பில் இறங்கியது.

அம்மா ஒரு சின்னப் போத்தல் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். பூசையில் சுவாமியார் மட்டும் குடிப்பார் என்பதை மாமியால் நம்ப முடியவில்லை. அவ்வளவு சனத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் குடிப்பது எந்த ஊர் மரியாதை? பழுத்த குலை எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்.

சாறு இறங்கி முடிந்த நேரம் தம்பி அழ, அம்மா கொட்டிலுக்குப் போனார். மாமி உள்ளே போய் ஒரு மாப்பால் தகரப் பேணியோடு வந்தார். எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்திருந்த பேணி. நிவாரணத்தில் கிடைத்ததை நல்லநாள் பெருநாளுக்கென்று சேர்த்து வைத்த சீனி அது. பேணியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டி, எல்லாவற்றையும் செம்புக்குள் கொட்டினார். இரண்டு ஏலக்காயையும் நசுக்கிப் போட்டார். பேணி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த சீனியைச் சுண்டி என் உள்ளங்கையில் விட்டார். நான் அதை நக்கிக்கொண்டு, என் முதல் நன்மை இனிதாக நடக்கப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பின்னேரம் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டகை. சுவாமியார் ஏணியில் நின்று கிடுகைச் சரிசெய்துகொண்டிருந்தார். இறங்கி வந்து, வாழையிலையால் மூடியிருந்த செம்பைத் திறந்தார். முதலில் அவருடைய மூக்குத்தான் வேலை செய்தது.

"ஏலக்காய் போட்டனீங்களோ, அம்மா?"

"ஓம் சுவாமி. வாசத்துக்கு ரெண்டு. சீனியும் போட்டனான்," என்றார் மாமி, பெருமையோடு.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. சுவாமியார் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவரும் எத்தனை மாதமாகச் சீனியைக் காணவில்லையோ.

"நான் இவ்வளவு நல்ல சாறு குடிச்சதில்லை," என்றார். "ஆனா அம்மா, பூசைக்கு முந்திரிகையை மட்டும்தான் வைக்கலாம். வேற என்ன சேர்ந்தாலும் செல்லாது. நான் சொல்லியிருக்க வேணும். பிழை என்னில."

மாமிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "அப்பிடியெண்டா புளிக்குமே, சுவாமி."

"ஓம். புளிக்கும்."

"வீட்டுக்கு வாறவருக்கே புளிக்கிறதைக் குடுக்கமாட்டம். கடவுளுக்கு எப்பிடி?"

"அவருக்குப் பழக்கம்தான். சிலுவையில தொங்கேக்கையும் புளிச்ச காடிதான் குடுத்தவை."

மாமி இந்தச் செய்தியைக் கேட்டு உண்மையிலேயே கவலைப்பட்டார். "ஏன் சுவாமி, அங்கையும் பொருளாதாரத் தடையே?"

சுவாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லாக் குலையும் வெட்டியாயிற்று, விடிந்தால் முதல் நன்மை. பெரியவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்து மாமி பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். எல்லாக் குலையும் வெட்டியாயிற்று என்று சொன்னேனே, அது முழு உண்மை அல்ல. உச்சியில், அணில் கடிக்காமல் துணிப்பை கட்டிய இரண்டு குலை இருந்தன. ஒவ்வொரு காய்ப்பிலும் முதலில் திரளும் குலையைப் பிள்ளையாருக்கு என்று ஒதுக்கிவிடுவது மாமியின் வழக்கம். வளவின் மூலையில் மரத்தடியில் இருந்த சின்னப் பிள்ளையார் அவர். மாமியின் வீட்டில் அவருக்கு முதல் எவரும் முந்திரிகை தின்றதில்லை. இந்த முறை திங்கட்கிழமை படைப்பதாக இருந்தது.

"வேண்டாம் அக்கா," என்றார் அம்மா. "அது உங்கட பிள்ளையாருக்கு நேர்ந்தது."

மாமி நேரே பிள்ளையாரிடம் போனார். தலையில் குட்டிக்கொண்டார். தோப்புக்கரணம் போட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற குரலில் சொன்னார்.

"அடுத்த காய்ப்பில தாறன். வேற ஆக்கள் அந்தரப்பட்டு வந்து நிக்கினம். நீர் வீட்டுக்காரன், நீர்தான் பொறுக்கவேணும்."

பிள்ளையார் பொறுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அம்மாதான் பொறுக்கவில்லை. வேறு சாமிக்கு ஒதுக்கிய பழத்தைப் பூசைக்கு வைத்தால் பாவமாகுமோ என்று அவருக்கு இப்போது புதுப் பயம். மாமியின் காதில் விழாமல் என்னைச் சுவாமியாரிடம் கேட்டுவர ஓடச் சொன்னார். சுவாமியார் மறுபடியும் ஏணியில் நின்றார்.

"படைச்சாச்சோ?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"இல்லை சுவாமி. திங்கட்கிழமைதான்."

"அப்ப அது இன்னும் பழம்தான். பிழியச் சொல்லு."

நான் பறந்து வந்தேன். மாமி மறுபடி தலை முழுகினார், மறுபடி வாயைக் கட்டினார். இரண்டே குலை என்பதால் ஒவ்வொரு பழமாக எடுத்துப் பிசைந்தார். வடிப்பதற்குத் துணி தேடியபோதுதான் அடுத்த சிக்கல். காலையில் பாவித்த துண்டில் சீனிப் பிசுக்கும் ஏலக்காய் மணமும். சவர்க்காரம் இல்லாத காலத்தில் மற்றத் துணிகளில் என்னென்ன மணமோ. சுத்தமான புதுத் துணி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. என் முதல் நன்மைச் சட்டை, வானத்தில் போடுகிற வெளிச்சக் குண்டோடு இறங்கும் பரசூட் குடையின் வெள்ளைத் துணியில் தைத்தது. மிஞ்சிய துண்டைத் தலைக்கு நெட்டாகப் போட அம்மா எடுத்து வைத்திருந்தார்.

அதை அம்மா கொண்டுவந்தபோது நான் பிடித்து இழுத்தேன்.

"தலைக்குத் துணி வேணுமோ, இரசம் வேணுமோ?" என்று கேட்டார் அம்மா.

"ரெண்டும் வேணும்," என்றேன்.

மாமி வாய்க்கட்டுக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அம்மா துணியை அவரிடம் நீட்டிவிட்டார். நான் அழுதேன். சாறு சொட்டுச் சொட்டாக, முதலில் வந்ததைவிடத் தெளிவாக, அவித்துக் காயவைத்த மருந்துப் போத்தலில் இறங்கியது. போத்தல் கழுத்து வரைக்கும் வந்ததும் நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அன்று பொழுது படுமுன் அம்மா அதைச் சுவாமியாரின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பனிக்குள் எல்லோரும் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவும் கரையிலிருந்து வந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் தலையில் நெட்டோடும் நான் மல்லிகைச் சரத்தோடும் முன்வரிசையில் நின்றோம். மாமி முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து கடைசித் தூணருகே நின்றார். எப்போது முழந்தாளிட வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்று தெரியாமல், பூசை முழுக்க நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி வைத்திருந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கைகளில் முந்திரிகைச் சாயம் முழங்கை வரைக்கும் இருந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவே அது நன்றாகத் தெரிந்தது.

எனக்கு அப்போது பூசைச் செபங்கள் முழுக்கப் பாடம். எங்கள் பங்கு மட்டுமல்ல, சுவாமியாரின் பங்கும். அதனால்தான் அன்று ஒரு பிழை நடந்தபோது உடனே பிடித்துவிட்டேன். காணிக்கை நேரத்தில் சுவாமியார் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஒரு செபம் சொல்வார். இந்த இரசத்தைத் தந்தது முந்திரிகைக் கொடியும் மனிதரின் உழைப்பும் என்று வருகிற செபம். ஒவ்வொரு ஞாயிறும் அதை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பவர், அன்று அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். எங்களுக்கு மேலால், கோயிலின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

சுவாமியாருக்குச் செபம் மறந்துவிட்டது. நேற்று முழுக்க ஏணியில் நின்ற களைப்பு என்று நினைத்தேன். இனியும் விட்டால் என் முதல் நன்மை மூன்றாம் தடவையும் தள்ளிப்போய்விடும். முன்வரிசையில் நின்று, அடுத்த சொல்லை வாயசைத்து எடுத்துக்கொடுத்தேன். சுவாமியார் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

பூசை முடிந்ததும் சீனி போட்ட சாற்றை எங்களுக்கு ஆளுக்கொரு மிடறாகத் தந்தார்கள். அந்த இனிப்பைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. பிறகு எத்தனையோ நாடுகளின் முந்திரிகையைத் தின்றிருக்கிறேன், பிழிந்தும் குடித்திருக்கிறேன். அந்த ஒரு மிடறைத் தந்தவருக்குத்தான் என் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டவள்.

"போய் மாமிக்கு நன்றி சொல்லு," என்று அம்மா என்னை அனுப்பினார்.

மாமி வெளியே வேலியோரமாக நின்றார். நான் வாய் திறக்கும் முன்னரே அவர்தான் கேட்டார்.

"சுவாமி அதைக் குடிச்சவரே?"

"ஓம் மாமி."

"புளிச்சிருக்குமே. முகத்தைச் சுளிச்சவரே?"

"இல்லை. நான் வடிவாப் பாத்தனான்."

மாமி மூச்சை விட்டார். "அப்ப காணும், அது போதும்," என்றார்.

எனக்குச் சொல்ல அதைவிடப் பெரிய செய்தி இருந்தது. சுவாமியார் செபத்தை மறந்து நின்றதையும் நான் எடுத்துக்கொடுத்துப் பூசையைக் காப்பாற்றியதையும் சொன்னேன்.

"எந்த இடத்தில மறந்தவர்?" என்று கேட்டார் மாமி.

கொடி, மனிதரின் உழைப்பு என்று அந்த வரியைச் சொல்லிக் காட்டினேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சுவாமியார் கடைசித் தூண் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும் சொன்னேன். மாமி தன் கைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பாவம், அவருக்கும் எவ்வளவு வேலை," என்று சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் எடுத்துச் சுற்றிக்கொண்டார். பனி இன்னும் விலகவில்லைதானே, கை குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.